முதலை அணியின் ஒரே வெற்றி

மட்டக்களப்பில் ஒரு காலம் அமெரிக்கன் புட்போல் அணி ஒன்று இருந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் பாடசாலையில் சக ஆசிரியர்களே, ரக்பியைத்தான் நான் பெயர் மாற்றிச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். ரக்பி இல்லை. முகத்துக்குக் கம்பி வைத்த தலைக்கவசமும் தோளுக்கு மேல் பிளாஸ்டிக் தட்டுகளும் மாட்டிக்கொண்டு, இரண்டு முனையும் கூரான பந்தை எறிந்தும் சுமந்து ஓடியும் ஆடுகிற அதே அமெரிக்க விளையாட்டுத்தான். எங்கள் அணி ஒரு பருவம்கூட முழுதாக உயிரோடிருக்கவில்லை. மூன்று ஆட்டங்கள் ஆடினோம். இரண்டில் தோற்றோம், மூன்றாவதில் வென்றோம். அந்த வெற்றியைப் பற்றி எங்களில் யாரும் வெளியே பேசுவதில்லை.

அணியைத் தொடங்கியவர் கனடாவிலிருந்து வந்த ஒருவர். சண்டைக் காலத்தில், பத்து வயதில், தாய் தகப்பனோடு மட்டக்களப்பை விட்டுப் போனவர். ரொறன்ரோவில் வளர்ந்து, கல்லூரியில் இந்த விளையாட்டை ஆடி, பிறகு அங்கேயே பிள்ளைகளுக்குப் பழக்கியும் இருக்கிறார். நாற்பது வயதைத் தாண்டித் திரும்பி வந்தபோது, கொழும்பில் சில வியாபாரிகள் சேர்ந்து ஐந்து அணிகளை வைத்து ஒரு சின்ன லீக் தொடங்கப் போவதாகக் கேள்விப்பட்டார். கிழக்கிலிருந்து ஓர் அணியைத் தான் கொண்டு வருவதாக அவர்களிடம் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். அப்போது எங்கள் பக்கத்தில் அந்தப் பந்தைக் கையால் தொட்டவர் ஒருவரும் இல்லை.

நாங்கள் அவரைக் கோச் என்று கூப்பிட்டோம். ஆள் ஆறடிக்கு மேல். ஆனால் அவருடைய தமிழ் பத்து வயதோடு நின்றுவிட்டிருந்தது. பயிற்சிக்குப் பிந்தி வந்தால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நான் உங்களோட கோவம்" என்பார். சின்னப்பிள்ளைகள் சொல்லுகிற அதே மாதிரி. முதல் வாரங்களில் நாங்கள் மறுபக்கம் திரும்பி நின்று சிரிப்போம். பிறகு சிரிப்பது நின்றுபோனது. மனதில் பட்டதை மறைத்துச் சொல்ல அவருக்குத் தமிழில் சொற்கள் இருக்கவில்லை, அதனால் அவர் சொன்னதெல்லாம் உண்மையாகவே இருந்தது.

நான் அப்போது பட்டப்படிப்பை முடித்துவிட்டு நியமனத்துக்காகக் காத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் ஈட்டி எறிந்தவன். பின்னேரங்களில் நகரத்து மைதானத்தில் தனியாக எறிந்துகொண்டிருப்பேன். ஒருநாள் கோச் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்து, ஈட்டியை வாங்கிக் கீழே வைத்து, அந்தப் பந்தை என் கையில் தந்தார். எறிந்தேன். பந்து கோணலாகச் சுழன்று நான் நினைக்காத இடத்தில் விழுந்தது. அவர் ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி தந்தார். பொழுது படும்வரை அப்படியே நடந்தது. அணியில் பந்தை எறிகிறவன் நான் என்று அன்றே முடிவாகிவிட்டது.

மற்றவர்களையும் அவர் இப்படித்தான் பிடித்தார். காத்தான்குடியில் துணிக்கடை ஒன்றில் நின்ற ஒருவன் எங்கள் ஓட்டக்காரன். அவன் ஓடுகிற பஸ்ஸைத் துரத்திப் பிடித்து ஏறியதை உள்ளே இருந்து கண்ட கோச், இறங்கும்வரை அவனோடு பேசி, அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தார். வட்டையில் நெல் செய்கிற வீட்டுப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். நகரத்திலிருந்து வேலையில்லாத பட்டதாரிகள் என்னோடு சேர்ந்தார்கள்.

எல்லாரிலும் பலசாலி வாகரைக்காரன். நான் எழுத நினைத்தது அவனைப் பற்றித்தான்.

கோச் வாகரைக் கடற்கரையில் நடந்து போனபோது அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்களாம். ஒரு கயிற்றின் கடைசியில் நின்றவனின் கால்கள் மணலில் புதைந்திருந்தன, அவன் நகரும்போதெல்லாம் கயிறு முழுக்க நகர்ந்தது என்று கோச் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சுனாமியில் தாயையும் தம்பியையும் பறிகொடுத்தவன் அவன். தகப்பன் அதன் பிறகு குடித்தே போய்ச் சேர்ந்தார். எங்களோடு சேரும்போது அவனுக்குக் கல்யாணம் முடிந்து, நடக்கப் பழகுகிற வயதில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். மனைவி கல்குடாப் பக்கத்துப் பெண்.

சனி, ஞாயிறுகளில் வெள்ளன பஸ் எடுத்து அவ்வளவு தூரம் வருவான். ஏன் வருகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். 

"வலை இழுக்கக்குள்ள எல்லாரும் ஒரே பக்கமாத்தானே மச்சான் இழுக்கிற. இதுல முன்னுக்கு ஒருத்தன் நிக்கான். அவனத் தள்ளிப்போட்டா நாம வெண்ட மாதிரி. கடலத் தள்ள ஏலாதே" என்றான்.

மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் எங்களை இருக்கவிடவில்லை. அதனால் அறுவடை முடிந்த ஒரு வட்டையில் பயிற்சி செய்தோம். அது அணியில் ஒருவனின் தகப்பனுடைய காணி. வரம்புகளையே கோடுகளாக வைத்துக்கொண்டோம். அறுத்த நெல்லின் காய்ந்த ஒட்டுத்தாள் முழங்கையிலும் தாடையிலும் கிழிக்கும். பழைய கவசங்கள் கனடாவிலிருந்து பீப்பாய்களில் வந்தன. அவற்றில் வேறு யாருடையதோ வியர்வை மணம் இருந்தது. அணிக்கு அடையாளமாக என்ன போடுவது என்று கேட்டபோது எல்லாரும் மீன் என்றார்கள். கோச் மட்டும் வாவியில் முதலையும் இருக்கிறதுதானே என்றார். அப்படித்தான் சட்டையில் முதலை வந்தது. ஊரில் எங்களுக்கு முதலை டீம் என்று பெயர் விழுந்தது.

இந்த விளையாட்டில் பந்தை எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் போல நிற்பார்கள். எதிரணி அவனை நெருங்கவிடாமல் தள்ளிப் பிடிப்பதுதான் அவர்களின் வேலை. நான் வலது கைக்காரன். எறிவதற்குக் கையைப் பின்னால் கொண்டுபோகும்போது முகம் வலப்பக்கம் திரும்பிவிடும். இடப்பக்கத்தில் யார் வருகிறான் என்று தெரியாது. அந்தப் பக்கத்துக்குக் கோச் நிறுத்தியது வாகரைக்காரனை.

அவனிடம் ஒரேயொரு பழக்கம்தான் பிழையாக இருந்தது. தள்ளும்போது தலையைக் குனிந்துகொள்வான். தோணியைக் கரைக்கு ஏற்றும்போது ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். தோளைப் பலகையில் கொடுத்து, தலையைக் கீழே போட்டு, காலால் உந்துவார்கள். சின்ன வயதிலிருந்து அவன் உடம்பு அப்படித்தான் தள்ளிப் பழகியிருந்தது. "தலைய நிமித்து" என்று கோச் ஒவ்வொரு நாளும் கத்துவார். நாடியின் கீழே தன் கையை வைத்து உயர்த்திக் காட்டுவார். அவனும் நிமிர்ந்து தள்ளுவான். களைத்ததும் மறுபடி தலை கீழே போய்விடும்.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் கேவலமாகத் தோற்றோம். எங்களுக்கு விதிகளே பாதிதான் தெரியும். நடுவர் விசில் ஊதினால் ஏன் என்று ஒருவரை ஒருவர் பார்ப்போம். ஆனாலும் திரும்பி வரும் பஸ்ஸில் பாட்டும் தாளமுமாகத்தான் வந்தோம். காத்தான்குடிக்காரன் அந்தந்த நடுவரைப் போலவே நடந்து காட்டிச் சிரிப்பூட்டுவான்.

மூன்றாவது ஆட்டம் கொழும்புக்கு வெளியே ஒரு மைதானத்தில் நடந்தது. பகல் வெயில். இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணியும் சமமாக நின்றன. முதல் தடவையாக எங்களுக்கு வெல்லலாம் என்ற எண்ணம் வந்தது. கோச் தண்ணீர்கூடக் குடிக்காமல் கோட்டோரம் நடந்துகொண்டிருந்தார். நான் பந்தை வாங்கிப் பின்னால் போய், வலப்பக்கம் காத்தான்குடிக்காரன் ஓடுவதைப் பார்த்து எறிந்தேன். எனக்குப் பின்னால், இடப்பக்கத்தில், கவசத்தோடு கவசம் மோதுகிற சத்தம் கேட்டது. அது ஒவ்வொரு முறையும் கேட்கிற சத்தம்தான். வித்தியாசம் ஒன்றும் இருக்கவில்லை.

திரும்பியபோது வாகரைக்காரன் முகம் குப்புறக் கிடந்தான். அவனை மோதியவன், எதிரணிச் சிங்களப் பையன், எழும்பி நின்று கை கொடுத்தான். அந்தக் கையை யாரும் பிடிக்கவில்லை.

நான் பக்கத்தில் குந்தினேன். கம்பிகளுக்குள்ளால் அவன் கண் திறந்திருப்பது தெரிந்தது.

"மச்சான், என்ட கால் எங்க கிடக்கு?" என்று கேட்டான்.

கால் நேராகத்தான் கிடந்தது. அப்படியே சொன்னேன். கோச் ஓடி வந்து, ஒருவரும் அவனைத் தொடக்கூடாது, கவசத்தைக் கழற்றக்கூடாது என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் கத்தினார். அவருடைய முகத்தைப் பார்த்தபோது எங்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று விளங்கியது. புல்லில் படுத்து, தன் இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்தபடி, அம்புலன்ஸ் வரும்வரை அவர் அசையவில்லை.

அம்புலன்ஸில் கோச்சும் நானும் ஏறினோம். அணியின் மற்றவர்கள் மைதானத்தில் நின்றார்கள். ஆட்டத்தை என்ன செய்வது என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டிருக்கிறார்கள். எங்களுடைய பையன்களுக்கு முடிவு சொல்லக் கோச் அங்கே இல்லை. ஆடி முடிப்போம் என்று யாரோ ஒருவன் சொன்னான், மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஆஸ்பத்திரி நடையில், தோள் தட்டுகளும் ஆணிச் சப்பாத்தும் கழற்றாமல் நான் நின்றுகொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. வெண்டிட்டம் என்று காத்தான்குடிக்காரன் அனுப்பியிருந்தான். கடைசிப் புள்ளியை எடுத்தது அவன்தான். எப்படி ஓடினேன் என்று நினைவேயில்லை என்று பின்னாளில் என்னிடம் சொன்னான்.

வாகரைக்காரனின் மனைவி அடுத்த நாள் காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கொழும்புக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. நான் அவளை அணிக்காரன் ஒருவனின் கல்யாண வீட்டில் மட்டும்தான் கண்டிருந்தேன். என்னை அடையாளம் கண்டு, "அண்ணன், கை கால் அசையுதா?" என்றுதான் முதலில் கேட்டாள். கையைக் கொஞ்சம் அசைக்கிறான் என்றேன். கால் என்ன என்று அவள் திரும்பக் கேட்கவில்லை.

கழுத்தில் எலும்பு நொறுங்கி நரம்பை நசுக்கியிருந்தது. அறுவை செய்தார்கள். வைத்தியர் சிங்களத்தில் சொல்ல, ஒரு தாதி தமிழில் சொன்னார். நெஞ்சுக்குக் கீழே உணர்வு திரும்பாது, கைகளை மடக்கலாம், விரல்களால் ஒன்றையும் பிடிக்க முடியாது. தாதி அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்தார். அவள் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு, பிள்ளைக்குப் பால் கரைக்கச் சுடுதண்ணீர் எங்கே எடுக்கலாம் என்று கேட்டாள்.

சுவாசக் குழாயை எடுத்தபிறகு அவன் முதலில் கேட்டது, நாம வெண்டமா என்பதுதான். ஓம் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. எவ்வளவு வித்தியாசம், யார் ஓடினது என்றெல்லாம் விசாரித்தான். மனைவி கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தாள். சொல்லிக்கொண்டிருந்த என்னை அவள் பார்த்த பார்வையில் நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

லீக்கை ஒத்திவைப்பதாக அறிவித்தார்கள். பிறகு யாரும் ஒன்றும் அறிவிக்கவில்லை. கொழும்புக்காரர்களின் போன்கள் ஒவ்வொன்றாக எடுபடாமல் போயின. கவசங்கள் ஆளாளுக்குப் பிரிந்தன. நெல் செய்கிற வீட்டுப் பையன் ஒருவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடி, வாழைச்சேனையில் பொலிஸ் மறித்ததாகக் கேள்விப்பட்டோம். என்ன சட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்களாம். எனக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை.

மாதங்கள் கழித்து அவனை வாகரைக்குக் கொண்டுவந்தோம். கோச் அங்கேயே தங்கி, வாசலில் சில்லு நாற்காலி ஏறச் சரிவு கட்டினார், வீட்டோடு சேர்த்துக் கழிவறை கட்டினார். சீமெந்தைத் தானே குழைத்தார். மடக்கி உயர்த்துகிற கட்டில் ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்துவந்தார். படுத்த படுக்கையாக இருப்பவரைச் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவன் பெரிய உடம்பு. அவளால் தனியாக ஏலாது. ஆரம்பத்தில் அணிக்காரர்கள் முறை வைத்துப் போனார்கள். வீட்டில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. பிறகு ஒருவனுக்கு வேலை கிடைத்தது, ஒருவனுக்குக் கல்யாணம் நடந்தது. காத்தான்குடிக்காரன் கட்டாருக்குப் போவதற்கு முதல்நாள் வந்து, அவனுக்கு முகம் மழித்துவிட்டு, வெளியே வந்து தென்னையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கடைசியில் அயலில் இருந்த ஒரு மீனவரும், வார இறுதிகளில் நானும் மட்டும் என்றாகியது. மற்ற நேரமெல்லாம் அவள் ஒரு சீலையை அவனுக்குக் கீழே விரித்து, அதை இழுத்துக் கிறுக்கப் பழகிக்கொண்டாள்.

மோதிய அந்தச் சிங்களப் பையனும் ஒருநாள் வந்தான். தாயையும் கூட்டிக்கொண்டு, பழங்களும் பிஸ்கட்டும் தூக்கிக்கொண்டு, பஸ் மாறி மாறி வந்திருந்தார்கள். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவனுக்கு மீன்பிடித் துறைமுகத்தில் பழகிய சிங்களம் கொஞ்சம் தெரியும். அது விளையாட்டுத்தானே என்பதை மட்டும் இவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அந்தத் தாய் இவனுடைய மனைவியின் கையைப் பிடித்தபடி போகும்வரை விடவேயில்லை. அவர்கள் போனபிறகு அவள், அந்த மனிசிக்கு இரவில் நித்திரை வராது போல என்றாள்.

அன்றைக்குத்தான் அவள் என்னிடம் வீடியோவைக் கேட்டாள். ஏற்பாட்டாளர்கள் எடுத்த படம் என் போனில் இருந்தது. கணவன் உறங்கிய பிறகு, குசினி வாசலில் இருந்து பார்த்தாள். நான் எட்டி நின்றேன். மோதும் இடத்தில் அவள் கண்ணை மூடவில்லை. முடிந்ததும் தொடக்கத்துக்குப் போட்டுப் பார்த்தாள்.

"பந்து ஆர்ட கையில அண்ணன்?" என்றாள்.

"என்ட கையில."

"இவருக்கு எப்ப தாற?"

அவனுக்குப் பந்து கொடுப்பதில்லை, எறிகிறவனைக் காவல் காப்பதுதான் அவன் வேலை என்று விளங்கப்படுத்தினேன். அவள் போனைத் தந்துவிட்டு எழும்பவில்லை.

"அப்ப முழு வெளையாட்டிலயும் இவர் அந்தப் பந்தத் தொடவே இல்லயா?"

இல்லை என்றேன். பயிற்சியில் எடுத்து எறிந்திருக்கிறான், ஆட்டத்தில் இல்லை.

"எனக்கிட்டச் சொல்லயில்ல" என்றாள். "பந்த எடுத்துக்கு ஓடுறதாத்தான் நான் நெனச்சிக்கு இரிந்தன்."

அரிசி களைய எழும்பிப் போனாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். அந்தப் படத்தில் நான் எறிந்துவிட்டு, பந்து போகிற திசையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். என் முதுகுக்குப் பின்னால் அவன் விழுவான். அதை நான் அதன் பிறகு பார்த்ததில்லை.

அந்த ஆண்டு கோச்சின் தாய்க்கு ரொறன்ரோவில் வருத்தம் கடுமையாகி அவர் போக வேண்டியதாயிற்று. திரும்பி வருவேன் என்றார். தாய் நெடுநாள் படுக்கையில் இருந்தார், இவர் வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் போன் எடுப்பார். வாகரைக்காரனின் மனைவி போனை அவன் காதோரம் தலையணையில் வைப்பாள். கோச் பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அழுவார். நான் உனக்குச் சரியாப் பழக்கேல்ல, நான் கூடாத ஆள் என்று அந்தப் பத்து வயதுத் தமிழில் சொல்லிச் சொல்லி அழுவார். அழாதீங்க கோச், நான்தானே தலையக் குனிஞ்ச, நீங்க சொன்னீங்கதானே என்று இவன் தேற்றுவான். அசைய முடியாமல் கிடக்கிறவன் அவரைத் தேற்றிக்கொண்டிருப்பான். போன் வைத்தபிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். சாப்பாடு கொண்டுபோனால் வேண்டாம் என்பான்.

ஒரு ஞாயிறு நான் அங்கே இருந்தேன். அழுகை தொடங்கியதும் அவள் உள்ளே வந்து போனை எடுத்தாள்.

"சேர், நான் கதைக்கிறன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க நல்லவர். இந்த வீட்டுக்கு நீங்க செஞ்சத நாங்க மறக்கல்ல. ஆனா இனி எடுக்காதீங்க. நீங்க அழுதிட்டு வைக்கிறீங்க, இவர் ரெண்டு நாளைக்குச் சாப்பிடுறாரு இல்ல. நான்தான் பாக்கன்."

மறுபக்கத்தில் அவர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. ஓம் சேர், ஓம் என்று கேட்டுவிட்டு வைத்தாள். கணவன் அவளைப் பேசினான். ஏன் அப்படிச் சொன்னாய், அந்த மனிசன் அங்கே தனியாக இருக்கிறார் என்று கத்தினான். படுக்கையில் விழுந்தபின் அவன் அவ்வளவு சத்தமாகப் பேசியதை நான் கேட்டதில்லை. அவள் சீலையை இழுத்து அவனை மற்றப் பக்கம் கிறுக்கிவிட்டாள்.

கோச் அதன் பிறகு எடுக்கவில்லை. என்னிடம் மட்டும் கேட்டு எழுதுவார். ஒவ்வொரு முறையும் சாப்பிடுகிறானா என்றுதான் கேட்பார்.

புண் வராமல் அவள் காத்தாள். சிறுநீர்க் குழாயால் வந்த கிருமியைக் காக்க ஏலவில்லை. காய்ச்சல் அடிக்கடி வந்து போகும். நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசை கட்டி நின்ற மாதங்களில் ஒரு காய்ச்சல் வந்து போகாமல் தங்கிவிட்டது. அம்புலன்ஸுக்கு எடுத்தோம், வரும் ஆனால் எப்போது என்று சொல்ல ஏலாது என்றார்கள். அயல் மீனவர் ஒரு வான் வண்டியைக் கண்டுபிடித்தார், அதில் எண்ணெய் இல்லை. நான் நகரத்தில் இருந்தேன். அணியில் இருந்தவர்களுக்கு எடுத்துப் பார்த்தேன். சிலர் எடுக்கவேயில்லை. நெல் செய்கிறவன் உழவு மெசினுக்கு ஒளித்து வைத்திருந்த டீசலை ஒரு கானில் ஊற்றிக் கட்டிக்கொண்டு, வாகரை வரை சைக்கிளில் போனான். நான் பாதி வழிக்கு ஒரு மீன் லொறியில் தொற்றி, மிச்சத்தை நடந்து சேர்ந்தேன். அந்த வானில் அவனை ஏற்றி நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பகல் சாய்ந்துவிட்டது. அவன் உடம்பு கொதித்தது, ஆள் தெளிவாக இல்லை. வட்டையில் நிற்கிறோம் என்று நினைத்து, வரம்பு தடக்கும், பாத்து வா என்று என்னிடம் சொன்னான்.

வைத்தியர் ஒரு மருந்தை வெளியில் வாங்கி வரச் சொன்னார். நகரத்தில் ஒரு கடையிலும் இருக்கவில்லை. காத்தான்குடிக்காரன் காக்கா என்று கூப்பிடும் மூத்த அண்ணன், எங்களை முன்பின் தெரியாதவர், தம்பி கட்டாரிலிருந்து அழுது சொன்னதைக் கேட்டு, கடைகடையாக ஏறி இறங்கிக் கொஞ்சம் கொண்டுவந்து தந்தார். அது போதவில்லை. அந்த வாரம் முடியுமுன் அவன் போய்விட்டான்.

மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். மூச்சு நின்ற பிறகும் அவனைக் கிறுக்கிவிட வேண்டிய நேரம் என்று எழும்பினாள். தாதி தடுத்தார்.

வாகரையில் அடக்கம். மணல் நிலம், குழி வெட்ட வெட்டச் சரிந்து விழுந்தது. வெட்டியவர்கள் மனம் சலிக்காமல் திரும்பத் திரும்ப அள்ளினார்கள். வீட்டில் பெட்டி வைத்திருந்தபோது கோச் எனக்கு எடுத்தார். வீடியோவில் ஒருமுறை முகத்தைக் காட்டுவாயா என்று கேட்டார். நான் போனை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, யார் என்று கேட்டாள். சொன்னேன்.

"காட்டுங்க அண்ணன்" என்றாள். "அவருக்கும் ஆளொண்டு போயிற்றுதானே."

போனைப் பிடித்தேன். கோச்சின் முகம் நரைத்து இளைத்திருந்தது. அங்கே அவருக்கு விடியற்காலை. அவர் அழவில்லை. இரண்டு கையையும் கூப்பியபடி, நான் நிறுத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகு எனக்கு நியமனம் கிடைத்தது. மாணவருக்கு ஈட்டியும் குண்டும் எறியப் பழக்குகிறேன். அவள் வாழைச்சேனைப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள், மகள் பாடசாலைக்குப் போகிறாள். சில காலம் நான் அங்கே போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை. அவளைக் கண்டால் எனக்கு என்ன கதைப்பதென்று தெரியாது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

போன ஆண்டு ஒருநாள் அவளே எடுத்தாள். கல்குடாவில் அவளுடைய சொந்தத்தில் ஒருவர் பனையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே இயங்காமல் கிடக்கிறாராம். கட்டிலை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும், ஏற்றி இறக்க உதவிக்கு வர முடியுமா என்று கேட்டாள். போனேன். லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் கட்டிலைக் கட்டி ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் அதன் பின்னால் இருந்து போனோம். வழி முழுக்க அவள் மகளுடைய படிப்பைப் பற்றித்தான் கதைத்தாள்.

அந்த வீட்டில் விழுந்தவர் பாயில் கிடந்தார். ஐம்பது வயதிருக்கும். அவருடைய மனைவி ஒரு மூலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வாகரைக்காரனின் மனைவி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தி, சீலையை எப்படி விரிப்பது, எந்த இடத்தில் எலும்பு அழுத்தும், குதிக்காலுக்குக் கீழே என்ன வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அழுகிறவளைப் பார்த்து, அழுறதெண்டா மறுகா அழுங்க, இப்ப இதப் பாருங்க என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணன், நீங்க தோளப் புடிங்க. நான் இடுப்ப எடுக்கன்."

நான் பிடித்தேன். அவள் சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து அந்த மனிதரைக் கிறுக்கினோம். நோகுதா என்று அவள் கேட்டாள். இல்லை என்று அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவருடைய மனைவி கண்ணைத் துடைத்துவிட்டு, இன்னொருக்காச் செய்து காட்டச் சொன்னாள். நாங்கள் திரும்பவும் செய்து காட்டினோம்.